கேரட்டும் அல்லியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறிப் பாத்தியில் கேரட், பக்கத்துத் தொட்டியில் அல்லி. இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்களுக்கும், எதை வளர்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் வரும் கேள்விகள் இவை.

இந்த இரண்டையும் எதற்கு ஒப்பிட வேண்டும்? சம்பந்தமே இல்லையே?

பார்வைக்கு இல்லைதான். ஒன்றை மண்ணுக்குள் விளைவதற்காக வளர்க்கிறோம், இன்னொன்றைத் தண்ணீருக்கு மேல் பூப்பதற்காக. ஆனால் இரண்டுமே உணவை மண்ணுக்கடியில் சேர்த்து வைக்கும் செடிகள். அந்தச் சேமிப்புப் பகுதி உயிரோடு இருக்க ஆக்சிஜன் வேண்டும். கேரட் அதை மண்ணில் உள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அல்லி இலை வழியாக மேலிருந்து கீழே இறக்குகிறது. மண் கலவை, தண்ணீர், தொட்டி என்று கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் போய் நிற்கும்.

இரண்டுக்கும் மண்ணுக்கடியில் இருப்பது வேர்தானா?

கேரட்டுக்கு ஆமாம். அது பருத்த ஆணிவேர். உச்சியில் கொஞ்சம், விதையிலைகளுக்குக் கீழே இருந்த தண்டுப் பகுதியும் சேர்ந்து பருத்திருக்கும். குறுக்கே வெட்டினால் நடுவில் வெளிறிய சைலம் (நீர் கடத்தும் திசு), சுற்றிலும் அடர்நிறப் புளோயம் (உணவு கடத்தும் திசு) தெரியும். இனிப்பும் நிறமும் பெரும்பாலும் அந்த வெளிப்பகுதியில்தான்.

அல்லிக்கு இருப்பது மட்டநிலத் தண்டு. சேற்றுக்குள் படுத்தபடி வளரும் தண்டு அது. அதில் கணுவும் மொட்டும் இருக்கும், இலைகள் உதிர்ந்த தழும்புகள் இருக்கும். உண்மையான வேர்கள் அதிலிருந்து கயிறு மாதிரி கிளம்பிச் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். வெப்பமண்டல அல்லிகளில் இது நீளமாக ஓடாமல் உருண்டையாக, நிமிர்ந்து இருக்கும்.

சேமிக்கும் சரக்கும் வேறு. கேரட் பெரும்பாலும் சர்க்கரையாகவே வைத்திருக்கிறது, மாவுச்சத்து மிகக் குறைவு. பச்சையாகக் கடித்தாலே இனிப்பது அதனால்தான். அல்லியின் தண்டில் மாவுச்சத்துதான் அதிகம்.

தண்ணீர் தேங்கினால் கேரட் அழுகிவிடுகிறது. அல்லி தண்ணீருக்குள்ளேயே இருந்தும் ஏன் அழுகுவதில்லை?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேரைக் கொல்வது தண்ணீர் அல்ல, காற்று கிடைக்காமல் போவதுதான். நல்ல தோட்ட மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கும். அந்த இடைவெளியைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் ஆக்சிஜன் வருவது கிட்டத்தட்ட நின்றுவிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணில் மிச்சம் இருப்பதையும் நுண்ணுயிர்கள் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். கேரட்டின் வேர்நுனி மூச்சு முட்டிச் செத்துப்போகும். அப்புறம் பித்தியம் போன்ற ஈர மண் பூசணங்களும் அழுகல் பாக்டீரியாக்களும் உள்ளே புகுந்துவிடும். நாம் பார்க்கிற அழுகல் இந்தக் கடைசிக் கட்டம்.

அல்லி வாழும் சேற்றில் இதைவிட ஆக்சிஜன் குறைவு. ஆனால் அது சேற்றை நம்பி இல்லை. அதன் இலைக்காம்பை வெட்டிப் பாருங்கள், உள்ளே குழாய் குழாயாக இருக்கும். ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் ஊதினால் குமிழி வரும். மிதக்கும் இலையில் நுழையும் காற்று இந்தக் குழாய்கள் வழியாகத் தண்டுக்கும் வேருக்கும் போய்ச் சேர்கிறது.

காற்று தானாக ஊறி இறங்குகிறது என்றுதான் பலர் நினைப்பார்கள். அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த நூபார் என்ற மஞ்சள் நீரல்லியை ஜான் டேசி என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1980-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. வெயிலில் சூடாகும் இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் சற்று ஏறுகிறது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பு வழியாகக் கீழே தள்ளுகிறது. தண்டைச் சுற்றிவிட்டு அது முதிர்ந்த இலைகள் வழியாக வெளியே போகிறது. ஒரே இலைக்குள் ஒரு நாளில் 22 லிட்டர் வரை காற்று போகலாம் என்று அவர் அளந்தார். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, வெயில் மட்டும்தான்.

ஆகவே அல்லியின் இலைகளை எல்லாம் ஒரே நாளில் வெட்டி எறிந்துவிடாதீர்கள். மஞ்சளாகிப்போனதை மட்டும் எடுத்தால் போதும்.

இலைகளில் என்ன வித்தியாசம்?

கேரட்டின் இலை நன்றாகப் பிளவுபட்டு இறகு மாதிரி இருக்கும். இலைத்துளைகள் இரு பக்கமும் உண்டு. அல்லி இலைக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் என்பதால் துளைகள் மேற்பக்கத்தில் மட்டுமே. மேற்பரப்பில் மெழுகு பூசியிருப்பதால் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடிவிடும்.

பூவாளியால் கேரட் பாத்திக்கு மேலே தூவலாம், ஒன்றும் ஆகாது. அல்லியின் மேல் நாள் முழுக்க நீரூற்று தெளித்துக்கொண்டிருந்தால் செடி வாடும். அழகுக்காக நடுவில் நீரூற்று வைக்க ஆசைப்படுகிறவர்கள் அல்லியை வேறு மூலைக்கு நகர்த்திவிடுவது நல்லது. ஓடும் நீரும் அதற்கு ஆகாது.

அல்லியும் தாமரையும் ஒன்றுதானே?

இல்லை, நெருங்கிய உறவுகூட இல்லை. அல்லி இலையில் காம்பு சேரும் இடம் வரை ஒரு பிளவு இருக்கும், இலை பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும். தாமரை இலை பிளவில்லாத வட்டம், முதிர்ந்ததும் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். விதைகள் பதிந்த அந்தக் கூம்பு தாமரையில்தான் உண்டு. மரபணு அடிப்படையில் தாமரைக்குச் சொந்தம் பிளேன் மரம் போன்ற நிலத்து மரங்கள். அதனால் கேரட்டோடு ஒப்பிட்டாலும்கூட அல்லியைவிடத் தாமரைதான் உறவில் கிட்டே வரும்.

அப்படியானால் பரிணாமத்தில் எது பழைய கிளை?

அல்லி. பூக்கும் தாவரங்களின் வம்ச மரத்தில் முதலில் பிரிந்தது அம்போரெல்லா என்ற புதர்ச்செடி, அதற்கு அடுத்துப் பிரிந்தது அல்லியின் வரிசை. ஒருவித்திலை, இருவித்திலை என்று பள்ளியில் படித்த பிரிவுகள் உருவாவதற்கு முன்பே அது தனி வழியில் போய்விட்டது. நீல நிறம் உள்ள ஓர் அல்லி இனத்தின் மரபணுத் தொகுப்பு 2020-இல் வெளியானதும் இந்த இடம் இன்னும் உறுதியானது. கேரட்டின் தொகுப்பு 2016-இலேயே வந்துவிட்டது.

கேரட்டின் குடும்பத்தில் கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் உண்டு. வல்லாரையும் அதே குடும்பம்தான், அது ஈரத்தில் ஜோராக வளரும். ஆகவே தண்ணீருக்குப் பயப்படுவது குடும்பக் குணம் இல்லை, கேரட்டின் குணம்.

கேரட்டைத் தண்ணீரிலேயே வளர்க்க முடியுமா?

வெட்டிய தலைப்பகுதியைத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் இலை துளிர்க்கும். அது பழைய சேமிப்பைச் செலவழித்து வருகிற இலை. புதுக் கேரட் அதில் வரவே வராது. வெட்டிய ஆணிவேர் மறுபடி நீள்வதில்லை. நட்டு வைத்தால் பூத்து விதை தரலாம், அவ்வளவுதான்.

மண்ணில்லா வேளாண்மையில் கேரட் வளர்ப்பவர்கள் உண்டு. அங்கேயும் ஆழமான மணலிலோ பெர்லைட் என்ற இலேசான கல்துகளிலோ வைத்து, சத்துநீரை விட்டு விட்டுப் பாய்ச்சி, இடையில் வடிய விடுவார்கள். காரணம் மறுபடியும் காற்றுதான்.

ஆய்வகத்தில் நடந்தது தனிக் கதை. 1958-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எஃப். சி. ஸ்டீவர்டின் குழு கேரட் வேரின் புளோயத் திசுவைத் தேங்காய்த் தண்ணீர் கலந்த ஊடகத்தில் வளர்த்து, அதிலிருந்து பிரிந்த செல்களைக் கொண்டு முழுச் செடிகளையே உருவாக்கிக் காட்டியது. ஒரு செல்லுக்குள் முழுச் செடிக்கான திறன் இருக்கிறது என்பதற்குப் பாடப்புத்தகங்கள் இன்றும் இந்தச் சோதனையைத்தான் எடுத்துக்காட்டுகின்றன. சமையலறைத் தட்டில் அது நடக்காது.

சரி, அல்லியை ஈரமண்ணில் மட்டும் வைத்து வளர்க்கலாமா?

சாதாரண அல்லிக்கு ஆகாது. இலைக்காம்பு தண்ணீர் தாங்கிப் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் வளர்வது. தண்ணீர் வற்றினால் இலை தரையில் சாய்ந்து காயும். தண்டு ஈரமாக இருக்கும் வரை செடி சாகாது, ஆனால் அழகு போய்விடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிம்ஃபையா தெர்மாரம் என்ற குட்டி அல்லி, ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றின் ஓரத்துச் சேற்றில் 1987-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இலை 1 செ.மீ. அளவுக்குக்கூடச் சிறியதாக இருக்கும். ஊற்று நீரை வேறு பக்கம் திருப்பியதால் 2008 வாக்கில் அந்த இடத்திலிருந்தே அது மறைந்தது. லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலை நிபுணர் அதன் விதைகளை மற்ற அல்லிகளைப் போலத் தண்ணீருக்குள் முளைக்க வைத்துப் பார்த்தார். முளைத்தவை வளரவில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சமமாகத் தொட்டி மண்ணை வைத்து, இலைகள் நேரடியாகக் காற்றைத் தொடும்படி செய்ததும் செடி பிழைத்துக்கொண்டது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதற்குத் தேவைப்பட்டது. இது நடந்தது 2009-இல். 2014 ஜனவரியில் அங்கிருந்து ஒரு செடியை யாரோ திருடிக்கொண்டு போனது செய்தியானது.

ஒரே மண் கலவையை இரண்டுக்கும் பயன்படுத்தலாமா?

வேண்டாம். கேரட்டுக்கு மணல் கலந்த, பொலபொலப்பான, கல்லில்லாத மண் 30 செ.மீ. ஆழம் வரை வேண்டும். அல்லிக்குக் களி கலந்த கனமான மண். கடையில் கிடைக்கும் தொட்டிக் கலவை, தேங்காய் நார்க்கழிவு, மட்கு எல்லாம் கேரட்டுக்குப் பயன்படும் பொருட்கள். அல்லித் தொட்டியில் போட்டால் பாதி மிதக்கும், மீதி அழுகித் தண்ணீரைக் கறுப்பாக்கும். மண்ணுக்கு மேல் ஒரு அடுக்கு சரளைக்கல் பரப்பினால் மண் கலங்காது, மீன்களும் கிண்டாது.

என் கேரட் இரண்டு கால், மூன்று கால் என்று பிரிந்து வருகிறது. ஏன்?

வேர்நுனி இளசாக இருக்கும்போது எதிலாவது முட்டி இறந்திருக்கும். கல், கெட்டி மண், நூற்புழு, பித்தியம், மட்காத சாணம், ஒருமுறை தேங்கிய தண்ணீர், எதுவாகவும் இருக்கலாம். நாற்றுப் பிடுங்கி நட்டாலும் இதே கதிதான். அதனால் கேரட்டை நேரடியாக விதைக்க வேண்டும்.

நீளவாக்கில் வெடித்தால் அது வேறு பிரச்சினை. காயவிட்டு, பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். தோள்பட்டை பச்சையானால் வெயில் பட்டிருக்கிறது, மண் அணையுங்கள்.

அல்லிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் தண்டு எப்படி வளைந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை.

எப்படி நடுவது?

கேரட் விதையை 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை மேல்மண் காயக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். பிறகு 5 செ.மீ.க்கு ஒரு செடி இருக்கும்படி கலைக்க வேண்டும். இந்த வேலைக்கு மனசு வராமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம், கடைசியில் பென்சில் தடிமனில் கேரட் எடுப்பார்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும், கத்தரிக்கோலால் நறுக்குவது மேல்.

அல்லியில் படுத்து வளரும் தண்டு என்றால் தொட்டியின் ஓரத்தில் சாய்வாக வைத்து, வளரும் நுனி நடுவைப் பார்க்கும்படி நட வேண்டும். உருண்டைக் கிழங்கு வகை என்றால் நடுவில் நிமிர்த்தி. எப்படியானாலும் வளரும் நுனி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். ஆரம்பத்தில் 10 செ.மீ. தண்ணீர் போதும், இலை நீள நீள ஆழத்தைக் கூட்டலாம். பெரும்பாலான வகைகளுக்கு 15 முதல் 45 செ.மீ. நீர் சரியாக இருக்கும். எடுத்த எடுப்பில் ஆழத்தில் இறக்கினால், இலை மேலே வந்து சேரும் முன்பே சேமிப்பு தீர்ந்துவிடும். மேலே இலை வந்தால்தானே கீழே காற்று.

வெயில்?

இரண்டுக்கும் குறைந்தது 6 மணி நேரம். கேரட் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும், அல்லி பூக்காது. ஆனால் கடும் சூட்டில் கேரட்தான் தோற்கும். 15 முதல் 21 டிகிரி செல்சியஸில் வேர் நல்ல நிறமும் வடிவமும் பெறும். வெப்பமண்டல அல்லிக்கு அது குளிர்.

கேரட் பூக்குமா? அல்லிப் பூவோடு ஒப்பிட்டால் எப்படி?

பூக்கும். முதல் பருவம் சேமிப்பு, குளிர்காலம் கழிந்து அடுத்த பருவம் பூ, பிறகு விதை தந்துவிட்டுச் செத்துப்போகும். நாம் நடுவில் பிடுங்கிவிடுவதால் பார்ப்பதில்லை. சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் குடை மாதிரித் தட்டையாக விரியும். காட்டுக் கேரட்டில் நடுவில் ஒரே ஒரு கருஞ்சிவப்புப் பூவும் சில சமயம் இருக்கும்.

அல்லி பல ஆண்டுச் செடி, பருவம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பூவும் மூன்று நான்கு நாள் திறந்து மூடும். சில இனங்கள் பகலில், சில இரவில்.

மகரந்தச் சேர்க்கையில் இரண்டும் நேர் எதிர். கேரட் பூவில் முதலில் மகரந்தம் உதிரும், அப்புறம்தான் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் பெண்பகுதி) தயாராகும். அல்லியில் முதல் நாள் பெண்பகுதிதான் தயார். பூவின் நடுவில் ஒரு குழி நிறையத் திரவம் சுரந்திருக்கும். வேறு பூவிலிருந்து வரும் பூச்சி அதில் வழுக்கி விழ, உடம்பில் இருந்த மகரந்தம் கழுவப்படும். சிறு பூச்சிகள் சில மூழ்கிச் சாவதும் உண்டு. இரண்டாம் நாள் முதல் மகரந்தம் வெளிவரும்.

காய் விஷயத்திலும் அப்படித்தான். அல்லிப் பூ வாடியதும் தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே காய்க்கும். விதைகளுக்கு மிதக்கும் உறை உண்டு, அது அழுகியதும் மூழ்கிவிடும். கேரட் விதையில் முட்கள் உண்டு, விலங்குகளின் மயிரில் ஒட்டிப் பயணிக்க. கடையில் வாங்கும் விதையில் அதைத் தேய்த்து எடுத்திருப்பார்கள்.

ஆரஞ்சுக் கேரட், சிவப்பு அல்லி எல்லாம் இயற்கையா?

சிவப்பு அல்லி இயற்கையிலும் உண்டு, ஆனாலும் இரண்டிலும் மனிதன் கை இருக்கிறது. பயிரிட்ட கேரட் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்திய ஆசியாவில் ஊதாவாகவும் மஞ்சளாகவும்தான் இருந்தது. ஆரஞ்சு நிறம் ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்தில், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பரவியது.

குளிர் தாங்கும் அல்லிகளைப் பல வண்ணங்களில் கலப்பினமாக்கியவர் பிரான்சின் ஜோசப் போரி லத்தூர் மர்லியாக். 1875-இல் நாற்றங்கால் தொடங்கி, 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவற்றை வைத்தார். ஓவியர் மோனே தன் குளத்துக்கு அவரிடம்தான் செடிகள் வாங்கினார். இந்தக் கலப்பினங்களில் பல விதை வைப்பதில்லை, தண்டை வெட்டித்தான் பெருக்க வேண்டும்.

உரம்?

கேரட்டுக்குத் தழைச்சத்து அதிகமானால் இலைதான் செழிக்கும். அல்லிக்கு மாத்திரை உரத்தை மண்ணுக்குள் அழுத்திவிட வேண்டும். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து. இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடிவிட்டால் பாசியும் அடங்கும்.

அல்லித் தொட்டியில் கொசு வராதா?

மீன் இல்லாவிட்டால் வரும். கப்பி போன்ற சிறு மீன்கள் சில போதும். மீன் விட்டபின் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. அசுவினி வந்தால் குழாய் நீரைப் பீய்ச்சித் தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள், மீன் பார்த்துக்கொள்ளும்.

அந்தத் தொட்டித் தண்ணீரைக் கேரட்டுக்கு ஊற்றலாமா?

தாராளமாக. மீன் கழிவு கலந்த நீர் மிதமான உரம். தொட்டியில் மருந்தோ உப்போ போட்டிருந்தால் மட்டும் வேண்டாம்.

இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

30 செ.மீ. ஆழமுள்ள, கீழே ஓட்டை உள்ள தொட்டி இருந்தால் கேரட். ஓட்டையில்லாத அகலமான தொட்டியும் நல்ல வெயிலும் இருந்தால் குட்டை ரக அல்லி. தினமும் கவனிக்க நேரமில்லாதவர்களுக்கு நான் அல்லியைத்தான் சொல்வேன். தண்ணீர் குறையும்போது நிரப்பினால் போதும், மற்றபடி அது தன் பாட்டுக்கு இருக்கும். கேரட் முளைக்கும் அந்த முதல் வாரங்களில் ஒரு நாள் மறந்தாலும் பாத்தி காலிதான். ஆனால் கேரட் 70 முதல் 100 நாளில் கணக்கை முடித்துவிடும். அல்லியை வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேற்றில் கைவிட்டுத் தண்டைப் பிரித்து நடும் வேலை வந்துகொண்டே இருக்கும்.

பிரித்தபின் மிஞ்சும் அல்லியைப் பக்கத்துக் குளத்திலோ ஆற்றிலோ விடலாமா?

கூடாது. கிழக்கு வட அமெரிக்காவின் வாசனை அல்லி அதே கண்டத்தின் மேற்கில் வாஷிங்டன் மாநில ஏரிகளில் களையாகிவிட்டது. மெக்சிகோ மஞ்சள் அல்லி தென்னாப்பிரிக்காவின் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்டுத்துண்டு ஒன்று போதும், அது புதுச் செடியாகிவிடும். கேட்பவர்களுக்குக் கொடுங்கள். மிச்சத்தை வெயிலில் சருகாகக் காயவைத்து மட்குக்குழியில் போடுங்கள். நன்றாக மட்கிய பிறகு கேரட் பாத்திக்கே போடலாம், அரைகுறையாக மட்கியதைப் போட்டால் வேர் பிளவுபடும்.